நாவல் எழுதுபவருக்குப் பயிற்றுநராக இருப்பவர் எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகளாகத் தனிநபர் பயிற்றுநராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் புதிதாகப் பதவி உயர்வு பெற்று, குழுவை நடத்தத் தடுமாறுகிற மேலாளர்கள். ஜான் விட்மோர் 1992இல் எழுதிய நூலின் வழியாக உலகெங்கும் பரவிய நான்கு படி முறையையே அவர்களிடம் கையாள்கிறேன். அடைய நினைப்பது என்ன, இப்போது எங்கே நிற்கிறீர்கள், முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவதுதான் அது. அவர்களிடம் அது நன்றாகவே பலன் தருகிறது.

சென்ற ஆண்டு ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பஞ்சாலைத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அந்த வாழ்க்கையை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் ஆறு அத்தியாயங்களை நான்கே மாதங்களில் எழுதியவர், ஏழாவதில் நின்றுவிட்டார். வாரத்துக்கு இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் இந்த அத்தியாயம் என்று என் வழக்கப்படி திட்டம் வகுத்துக் கொடுத்தேன். முதல் மாதம் பக்கங்கள் வந்தன. இரண்டாம் மாதம் குறைந்தன. மூன்றாம் மாதத்தில், எப்போதும் துணிப்பையில் கொண்டுவரும் நீல அட்டை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினார். காரணம் கேட்டபோது, "உங்களுக்குக் கணக்குக் காட்டத்தான் எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது, அதனால் எழுதப் பிடிக்கவில்லை" என்றார்.

அந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது. எனக்கு இலக்கிய வாசிப்பு ஓரளவுக்கே உண்டு. நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அவர் என்னிடமே தொடர விரும்புகிறார். படைப்பு வேலையில் இருப்பவருக்குப் பயிற்றுநர் உண்மையில் எந்த வகையில் துணை நிற்க முடியும்? பதிப்புத் துறையிலோ கலைத் துறையிலோ இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். அவருடைய அனுமதியைப் பெற்ற பிறகே இதை எழுதுகிறேன்.

பிழைதிருத்தி:

வணக்கம். சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதிகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதியில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்கள் வேலைக்கு அந்தத் தகுதி தேவையில்லை. பிரதியைப் பார்த்துக்கொள்ள என்னைப் போன்றவர்கள் பின்னால் வருவார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது எழுதுகிறவரை.

இந்த எல்லை கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க இலக்கிய உலகத்திலிருந்து இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பை, அவருடைய பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் பாதிக்கும் மேலாக வெட்டிச் சுருக்கினார், முடிவுகளையும் மாற்றினார். அந்த வடிவத்தைப் பார்த்த கார்வர், 1980 ஜூலையில், அச்சிடுவதை நிறுத்திவிடுங்கள் என்று மன்றாடி நீண்ட கடிதம் எழுதினார். ஆனாலும் புத்தகம் வெளிவந்தது, பெரும் புகழும் பெற்றது. கார்வர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2009இல்தான் அந்தக் கதைகளின் மூல வடிவம் வாசகர்களின் கைக்கு வந்தது. வெட்டிய கதைகளே சிறந்தவை என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தன் பெயரில் வரும் புத்தகத்தைத் தடுத்து நிறுத்தச் சொல்லி ஒருவர் கெஞ்ச வேண்டிய நிலை வந்ததே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மற்றது தாமஸ் வுல்ஃபின் கதை. அவருடைய பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ் அன்பானவர், எழுத்தாளரைத் தன் மகனைப் போலப் பார்த்துக்கொண்டவர். மலைபோலக் குவிந்த கைப்பிரதியை இருவரும் இரவு பகலாக உட்கார்ந்து நாவலாக ஆக்கினார்கள். ஆனால் பெர்கின்ஸ் இல்லாமல் இவரால் புத்தகத்தை முடிக்கவே முடியாது என்று விமர்சகர்கள் எழுதத் தொடங்கியபோது, அந்தப் பேச்சு வுல்ஃபை உள்ளுக்குள் அரித்தது. 1937இல் அந்தப் பதிப்பகத்தை விட்டே வெளியேறினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அன்போடு செய்த உதவிகூட, இது என் கையால் ஆனதுதானா என்ற சந்தேகத்தை எழுதுகிறவர் மனத்தில் விதைத்துவிடக் கூடும்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு கொங்குப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு என்னிடம் வந்தது. உறவினர் வீட்டுக்கு வருவதைச் சொல்லும் இடத்தில் அவர் "ஒறம்பரை" என்று எழுதியிருந்தார். எல்லா ஊர் வாசகருக்கும் புரியட்டும் என்று அதை அடித்து, "விருந்தாளிகள்" என்று சிவப்பு மையில் எழுதினேன். அப்படிப் பக்கத்துக்கு ஏழெட்டுச் சொற்கள். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாண்டு கழித்து அவருடைய அடுத்த கைப்பிரதி வந்தபோது, அதில் அவருடைய ஊர்ச் சொல் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பிடிக்கும் என்று அவர் நினைத்த தமிழில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியிருந்தார். கதைகளில் உயிரும் இல்லை. அந்தப் பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, அந்த அம்மையார் எழுதியதைப் படித்துக் காட்டினாலும், நன்றாக இருக்கிறது என்றோ சரியில்லை என்றோ சொல்ல அவசரப்படாதீர்கள். பாராட்டுக்கும் அந்த ஆபத்து உண்டு. நீங்கள் எந்தப் பக்கத்தைப் பாராட்டினீர்களோ அதைப் போலவே அடுத்த பக்கத்தையும் எழுத முயல்வார்.

சலங்கை:

வணக்கம். நான் நாட்டிய ஆசிரியை. "நன்றாக இருக்கிறது" என்றும் சொல்லக் கூடாது, "சரியில்லை" என்றும் சொல்லக் கூடாது என்றால் வேறு என்னதான் பேசுவது என்று நொய்யல்கரை அவர்களுக்குத் திகைப்பாக இருக்கலாம். அதற்கு நடைமுறையில் பயன்படும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் அதை வகுத்தார். பிறர் படைப்பைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதில் தனக்கே இருந்த சங்கடத்திலிருந்துதான் அவர் தொடங்கினார். இன்று நாடகம், எழுத்து, கல்வி என்று பல துறைகளில் அதைக் கையாள்கிறார்கள்.

முதலில், பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் தங்கியது எது, தூண்டியது எது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். கேட்டதற்கு மட்டும் விடை சொல்ல வேண்டும், அதைத் தாண்டிப் போகக் கூடாது. மூன்றாவதாக, பார்த்தவர்கள் தங்கள் கருத்தை உள்ளே ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியாகத்தான் கருத்து. அதுவும், "இந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?" என்று அனுமதி பெற்ற பிறகே. வேண்டாம் என்று சொல்லப் படைத்தவருக்கு முழு உரிமை உண்டு.

இவற்றில் மூன்றாவதுதான் கடினம். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மூத்த மாணவி ஒருத்தி ஒரு பதத்துக்கு, அதாவது அபிநயத்துக்கான பாடலுக்கு, வரியின் பொருளை விரித்துக் காட்டும் சஞ்சாரியைத் தானே அமைத்துக்கொண்டு வந்தாள். நாயகி ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருகிறாள், வாசலில் நாயகன் நிற்பதைக் காண்கிறாள், குடத்தை இறக்கி வைக்கிறாள். அந்த இறக்கி வைத்தல் கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. குடத்தில் தண்ணீர் இருந்ததாகவே தோன்றவில்லை. "ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய்?" என்ற கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அது கேள்வியின் உருவில் இருக்கும் கண்டனம். அடக்கிக்கொண்டு, "குடத்தை இறக்கும்போது அவள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாள்?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து மறுபடியும் ஆடிப் பார்த்தாள். முதல் தடவை தரையைப் பார்த்தபடி குடத்தை வைத்தாள். மறு தடவை கண்ணை அவன்மேல் வைத்தபடியே வைத்தாள். குடம் தரையைத் தொட்டது தெரியாமல் கை இன்னும் கொஞ்சம் கீழே தேடியது. தண்ணீர் தளும்பிப் பாதத்தில் பட்டதும் சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள். அந்தத் தளும்பலை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக இருந்தால் "இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நிதானமாகச் செய்" என்றுதான் சொல்லியிருப்பேன். நேரம் கூடியிருக்கும், அந்தத் தண்ணீர் வந்திருக்காது.

நாட்டியத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளைக் கற்றுக்கொடுக்கும்போது இந்த முறையை நான் கையாள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியில் முழங்கால் உள்ளே வந்தால் உடனே திருத்துவேன். கற்பிப்பது வேறு, ஒருவர் தாமாக ஒன்றைப் படைக்கும்போது கூட இருப்பது வேறு. நம் பக்கத்து ஆசிரியர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் தொப்பி மாற்றத் தெரிவதில்லை. எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கரிக்கோடு:

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் கெடு வைப்பதையும் கணக்குக் கேட்பதையும் நொய்யல்கரை அவர்கள் அடியோடு விட்டுவிடுவாரோ என்று கவலையாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் ஆண்டுக் கணக்கில் காத்திருப்போம்.

ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எழுத முடியாமல் தவித்த பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கினார். முதல் பிரிவினர் அவசியமானதைத் தவிர எதையும் எழுதக் கூடாது. இரண்டாம் பிரிவினர் தோன்றும்போது எழுதலாம். மூன்றாம் பிரிவினர் நாள்தோறும் எழுதியே ஆக வேண்டும். தவறினால், அவர்கள் வெறுக்கிற ஓர் அமைப்புக்கு அவர்களுடைய பணம் நன்கொடையாகப் போய்விடும். வற்புறுத்தலால் எழுதுகிறவர்களுக்குப் பக்கம் சேரும், சரக்கு இருக்காது என்றுதான் நாம் நினைப்போம். மூன்றாம் பிரிவினருக்குத்தான் பக்கங்களும் அதிகம் வந்தன, புதிய யோசனைகளும் அடிக்கடி தோன்றின.

இதற்கு எதிரானதுபோலத் தோன்றும் இன்னோர் ஆய்வும் உண்டு. தெரசா அமாபிலே 1985இல் வெளியிட்டது. எழுத்தில் ஈடுபாடுள்ள இளைஞர்களை ஹைக்கு வடிவில் கவிதை எழுதச் சொன்னார். நடுவில் ஒரு பிரிவினரிடம், எழுதுவதால் கிடைக்கும் பணம், புகழ் போன்ற வெளிக் காரணங்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். சில நிமிட வேலைதான். அதன் பிறகு அவர்கள் எழுதிய கவிதைகளில் படைப்புத்திறன் குறைந்திருந்ததாக, யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் படித்த கவிஞர்கள் மதிப்பிட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குக் கிடைத்த தெளிவு இது. உட்காருவதற்குக் கணக்கு வைக்கலாம். வெளிவருவதற்குக் கணக்கு வைக்கக் கூடாது. நாள்தோறும் நாற்பது நிமிடம் மேசையில் இருந்தேனா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெம்பாக இருக்கிறது. எத்தனை பக்கம், எப்போது வெளியீடு, யார் வாங்குவார்கள் என்று கேட்டால் கை இறுகிவிடுகிறது.

நான் பட்டறிந்ததும் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் கட்டணம் செலுத்தி ஒரு பயிற்றுநரிடம் போனேன். ஒவ்வொரு சந்திப்பும் இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற கேள்வியில் தொடங்கும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் பிழைக்க வேண்டுமே என்ற அக்கறையில்தான் கேட்டார். ஆறு வாரத்தில், எது பகிரப்படுமோ அதை மட்டும் வரைகிறவளாக மாறியிருந்தேன். யானைக்குட்டிக்குக் கண் வரையும்போதுகூட, இந்தக் கண் கைப்பேசித் திரையில் தெரியுமா என்றுதான் யோசித்தேன். நான் வரைய ஆசைப்பட்டது பாதிக் கண் மூடித் தூங்கி விழும் யானையை.

பிறகு வந்தவர் வேறு மாதிரி. காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். "இன்று எதில் கை வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியை இயக்கச் சொல்லி, அவர் தன் வேலையைப் பார்ப்பார், நான் வரைவேன். நாற்பது நிமிடம் ஒருவரும் பேச மாட்டோம். அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், என் பென்சில் காகிதத்தில் உரசும், அவ்வளவுதான். முடியும்போது, "நாளைக்கு எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதிலைச் சின்னத் தாளில் எழுதி மேசை விளக்கில் ஒட்டிவைப்பேன். மறுநாள் காலையில் வெற்றுக் காகிதத்தைப் பார்த்து மிரளாமல் இருந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். பதினோரு வாரத்தில் ஒரு புத்தகம் முடிந்தது. என் ஓவியம் ஒன்றையும் அவர் அதுவரை பார்த்ததில்லை.

நொய்யல்கரை:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு புதன்கிழமைகள் காத்திருந்தேன்.

முதல் புதன்கிழமை, பக்கக் கணக்குத் தாளை அவர் முன்னாலேயே கிழித்துவிட்டு, இனி இதை நான் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடப் பயம்தான் முதலில் தெரிந்தது. அப்படியானால் யார் என்னைக் கேட்பார்கள் என்றார். கரிக்கோடு அவர்கள் எழுதியது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அரை மணி நேரம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது, எழுதினாலும் எழுதாவிட்டாலும் "உட்கார்ந்தேன்" என்று ஒரே சொல்லில் எனக்குச் செய்தி அனுப்புவது என்று அவரே முடிவு செய்தார்.

இரண்டாம் புதன்கிழமை நோட்டைக் கொண்டுவந்தார், ஆனால் திறக்கவில்லை. ஏழாவது அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னேன். ஆலை மூடப்பட்ட நாள் என்றார். அந்த நாளில் அப்பா எப்படி வீட்டுக்கு வந்தார், கேட்டில் என்ன அறிவிப்பு ஒட்டியிருந்தது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. கருத்தை ஒளித்துவைக்காத கேள்வியாக ஒன்று கேட்க வேண்டுமே என்று வெகுநேரம் யோசித்தேன். ஆலைச் சங்கைப் பற்றி முதல் சந்திப்பில் அவர் நிறையப் பேசியது நினைவுக்கு வந்தது. "அன்றைக்குச் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது?" என்று கேட்டேன்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு, "ஊதவில்லை" என்றார். சங்கு ஊதாததால் அந்த லைனில் யாருமே அன்று அடுப்பு மூட்டவில்லை, எழுந்தவர்களுக்கு மணி என்ன என்றே தெரியவில்லை, தன் அம்மா மட்டும் வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றார். அப்பா வருவதிலிருந்து தொடங்கியதுதான் தவறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேசையில் இருந்த என் பேனாவை எடுத்து நோட்டில் எழுதத் தொடங்கினார். சந்திப்பு நேரம் முடியும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. இடையில் நான்கு நாட்கள் அவரிடமிருந்து செய்தி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டுமா?

மாலைநேரம்:

நான் மனநல ஆலோசகர். கேட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன், ஆனால் நோட்டைப் பற்றி அல்ல. "நலமாக இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். எழுத முடியாமல் போவதற்குப் பின்னால் சில சமயம் எழுத்துக்குத் தொடர்பில்லாத ஒன்று இருக்கும். தூக்கமின்மை, பசியின்மை, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டமில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் படைப்புத் தடை என்று எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது; மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கச் சொல்வது உங்கள் கடமை. குறிப்பாக, அவர் எழுதுவது சொந்த இழப்பைப் பற்றியது என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று விசாரியுங்கள். என்னிடம் வரும் நடுத்தர வயதுப் பெண்களில் பலருக்கு வீட்டில் தமக்கென்று ஒரு மேசை கிடையாது. உணவு மேசையில் எழுதுவார்கள். யாராவது சாப்பிட வந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். பிறகு அன்றைக்கு அதைத் திறக்க மாட்டார்கள்.

நொய்யல்கரை:

இன்று காலை கேட்டேன். மகள் பிரசவத்துக்காக வந்திருக்கிறாராம், குழந்தை பிறந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. பிற்பகல் மூன்று மணி குழந்தையைத் தூங்க வைக்கும் நேரமாம். நோட்டு அரிசி டிரம்மின் மேல் இருக்கிறது என்றார். என்னிடம் இதுவரை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், குடும்ப விஷயத்தைச் சாக்காகச் சொல்வதாக நான் நினைத்துவிடுவேனோ என்ற தயக்கம்தான்.

நேரத்தை அதிகாலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டார். மருமகன் ஊருக்குப் போகும்போது ஒரு மடக்கு மேசை வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஏழாவது அத்தியாயத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அவர் கொடுக்கும்வரை கேட்கப்போவதும் இல்லை.